உறுதிமொழி முடிந்ததா? ஓடிபி சொல்லு!

மாதத்தின் முதல் புதன்கிழமை கல்லூரிகளில் சைபர் விழிப்புணர்வு நாள். ஏற்பாடு மத்திய உள்துறை, சுற்றறிக்கை யூஜிசி, கெடுபிடி துறைத்தலைவர். அரங்கை நிரப்ப இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளை லேபிலிருந்து ஓட்டி வருவார்கள். குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் முடிய முக்கால் மணி நேரம் ஆகும். பிறகு சிறப்பு விருந்தினர் பேசுவார். "உங்கள் விவரங்கள்தான் உங்கள் சொத்து. தெரியாத க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யாதீர்கள். கேட்கிறவர்களுக்கெல்லாம் ஆதார் எண்ணைக் கொடுக்காதீர்கள்." பலத்த கைதட்டல். வலக்கையை நீட்டி உறுதிமொழி. உறுதிமொழியின் கடைசி வரி முடிவதற்குள் திரையில் ஒரு க்யூஆர் கோடு வந்து நிற்கும். "எல்லாரும் ஸ்கேன் பண்ணுங்கப்பா. பேரு, ரெஜிஸ்டர் நம்பர், டேட் ஆஃப் பர்த், செல் நம்பர், ஆதார் நம்பர் ஃபில் பண்ணாத்தான் சர்டிஃபிகேட் வரும். அட்டெண்டன்ஸும் இதுதான்."

அரங்கில் ஒருவரும் சிரிப்பதில்லை. முந்நூறு பேரும் தலையைக் குனிந்து நிரப்புகிறார்கள். நாம் ஊட்டிய டிஜிட்டல் கல்வி நன்றாகவே உள்ளே இறங்கியிருக்கிறது.

யூஜிசி சும்மா இருக்கவில்லை. 2022 அக்டோபரில் உயர்கல்வி நிறுவனங்களுக்கென்று இணையச் சுகாதாரக் கையேடே போட்டது. கையேடு இருக்கிறது, உதவி எண் 1930 இருக்கிறது, சுவரொட்டி இருக்கிறது. மாணவன் தன் இணைய அடையாளத்தை எப்படிக் காக்க வேண்டும் என்று சொல்லித்தர ஆளுக்குப் பஞ்சமே இல்லை. கல்லூரி சொல்கிறது, தேர்வுத்துறை சொல்கிறது, காவல்துறை சொல்கிறது, டெல்லி சொல்கிறது. அந்த அடையாளத்தை எடுத்துத் தெருவில் இறைக்கிறவர்கள் யார் என்று ஒரு பட்டியல் போட்டால், ஒரு பெயர்கூட மாற்ற வேண்டியிருக்காது. உபதேசங்களை ஒவ்வொன்றாகவே பார்த்துவிடலாம்.

"கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாதே"

பொறியியல் கலந்தாய்வு 2018இல் இணையவழிக்கு மாறியது. மூட்டை முடிச்சோடு சென்னைக்கு பஸ் ஏறி, அண்ணா பல்கலைக்கழக வளாகத்து மர நிழலில் காத்துக் கிடந்த காலம் போயிற்று. நல்லது. வீட்டிலிருந்தபடியே விருப்பக் கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பூட்டிவிடலாம். வீடென்றால் கம்ப்யூட்டரும் இணைப்பும் இங்கிலீஷ் ஃபாரம் படிக்கத் தெரிந்த ஒரு பெரியவரும் இருக்கிற வீடு. அப்படி வாய்க்காத வீட்டுப் பிள்ளைக்குப் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு பிரவுசிங் சென்டர் இருக்கிறது.

விண்ணப்பக் காலத்தில் அந்தக் கடைக்குள் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். மேசைமேல் ஒரு நீளக் கோடு போட்ட நோட்டு, அட்டை கிழிந்து செலோ டேப் ஒட்டியது. பக்கத்துக்கு இருபது பிள்ளைகள். பெயர், விண்ணப்ப எண், லாகின், பாஸ்வேர்டு. பாஸ்வேர்டெல்லாம் ஒரே அச்சு: பெயரின் முதலெழுத்து பெரிது, அதன்பின் ஒரு அட், அதன்பின் ஒன்று இரண்டு மூன்று. வைத்தது கடைக்காரர். அவரைக் குறை சொல்ல முடியாது. நாள் முழுக்க ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் விண்ணப்பம் போடுகிற மனிதர், எழுதி வைக்காமல் என்ன செய்வார்? "தம்பி, ஓடிபி வந்திருக்கும், சொல்லு" என்கிறார். பையன் கடை முழுக்கக் கேட்கும்படி ஆறு இலக்கத்தையும் ஒப்பிக்கிறான். அப்பாவின் சிம் ரீசார்ஜ் இல்லாமல் செத்துக் கிடக்கிற பிள்ளைக்கு ஓடிபியே கடைக்காரர் செல்லுக்குத்தான் வருகிறது. மின்னஞ்சல் முகவரியும் அவர் உண்டாக்கியதே. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் மூன்றும் கடைக் கம்ப்யூட்டரின் முகப்பில், அடுத்து வந்து உட்காருகிறவர் படித்துவிட்டுப் போகும்படி, வரிசையாகக் கிடக்கின்றன. சீட் பிடித்துத் தரும் தரகர் ஒருவர் அந்த நோட்டைப் பத்து நிமிடம் இரவல் வாங்கினால், பிள்ளை கனவு கண்ட கல்லூரி ஒன்றாகவும் பூட்டப்பட்ட கல்லூரி வேறாகவும் இருக்கும்.

இந்தப் பையனை உட்கார வைத்துத்தான் நாம் இரண்டடுக்குப் பாதுகாப்பு என்று நாற்பது ஸ்லைடு ஓட்டுகிறோம். அவனிடம் இரண்டடுக்கும் இருக்கிறதய்யா. முதல் அடுக்கு கடைக்காரர், இரண்டாவது அடுக்கு கடைக்காரர் டீ குடிக்கப் போனால் கல்லாவில் உட்காரும் மச்சான்.

கடையை விடுங்கள். அரசே வைக்கிற கடவுச்சொல் எப்படி? பிளஸ் டூ முடிவு பார்க்கப் பதிவெண்ணும் பிறந்த தேதியும் போதும். பிறந்த தேதி ரகசியமாம்! பிறந்தநாளுக்குத் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் கட்டுகிற ஊரில்! பள்ளி வாட்ஸ்அப் குழுவில் பதிவெண்ணும் பிறந்த தேதியும் போட்ட பெயர்ப் பட்டியல் ஏற்கெனவே வந்திருக்கும். டியூஷன் மாஸ்டர், அத்தை, அத்தையின் சம்பந்தி என்று ஆளாளுக்குத் தட்டிப் பார்த்து, பிள்ளை எழுந்து பல் துலக்குவதற்குள் அவளுடைய கணக்கு மார்க் நான்கு தெருவைச் சுற்றி வந்துவிடும். அவள் ஃபெயிலா பாஸா என்பது கடைசியாகத் தெரிகிற ஆள் அவள்தான்.

"சொந்த விவரங்களைப் பொதுவெளியில் போடாதே"

2017இல் தமிழக அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. பொதுத்தேர்வில் மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று அறிவிப்பதை நிறுத்தியது. பிள்ளைகள் மனம் நோகக்கூடாது என்பது நோக்கம். அரசு விட்ட வேலையைத் தனியார் பள்ளிகளும் நீட் பயிற்சி மையங்களும் கையில் எடுத்துக்கொண்டன. டவுன் பஸ்ஸின் முதுகைப் பாருங்கள். பதினேழு வயதுப் பெண்ணின் படம், முழுப் பெயர், மதிப்பெண். அடுத்த ஆண்டு அட்மிஷன் முடிகிற வரைக்கும் வெயிலிலும் மழையிலும் மாவட்டம் முழுக்க அந்தப் பிள்ளை ஓடிக்கொண்டே இருக்கிறாள். பள்ளி எழுத்துமூலம் சம்மதம் கேட்டதா, அவள் வேண்டாமென்று சொன்னால் எடுப்பார்களா என்றெல்லாம் கேட்டால் தாளாளர் உங்களை விநோதமாகப் பார்ப்பார்.

அதே பெண் இன்ஸ்டாகிராமில் ஒரே ஒரு படம் போடட்டும். அப்பாவை ஹெச்.எம். அறைக்கு வரச் சொல்வார்கள். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு சார் இதெல்லாம்? காலம் கெட்டுக் கிடக்கு." படம் வெளியே வருவதில் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை. அட்மிஷன் கொண்டுவராத படம் வெளியே வருவதில்தான் ஆட்சேபம்.

பஸ்ஸாவது மழையில் வெளுத்துப்போகும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் விழுகிற எக்செல் தாள் வெளுக்காது. "ஸ்காலர்ஷிப் பெண்டிங் லிஸ்ட், அர்ஜென்ட், எல்லாரும் செக் பண்ணுங்க" என்று ஒரு கோப்பு வரும். திறந்தால் வரிசை எண், பெயர், பிறந்த தேதி, பிரிவு, உட்பிரிவு, பெற்றோரின் ஆண்டு வருமானம், வங்கிக் கணக்கு எண், ஆதார் எண், அப்பாவின் செல் நம்பர். அறுபது பேர் இருக்கிற குழு, அறுபது பேரும் இறக்கிக்கொள்கிறார்கள். முதல் வருடம் முழுக்க யாரிடமும் சொல்லாமல், கேட்டால் பேச்சை மாற்றி, தன்னைத் தன் பெயரால் மட்டும் அறிமுகப்படுத்திக்கொண்டு வந்த ஒரு பிள்ளையின் சாதி, பத்து நொடியில் வகுப்புக்கே தெரிந்துவிடுகிறது. அன்று மதியத்திலிருந்து சாப்பாட்டு மேசையில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்பது மாறுகிறது. அனுப்பியவர் மாலையில் "டெலீட் ஃபார் எவ்ரிஒன்" கொடுக்கிறார். எவ்ரிஒன் ஏற்கெனவே சேமித்து வைத்தாயிற்று.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை உடன் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. நீதிபதி சந்துருவின் தலைமையில் ஒருநபர் குழு போட்டார்கள். 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் சாதிக்கயிறு கட்டக்கூடாது, நெற்றியில் சாதி அடையாளம் கூடாது என்றது. அதோடு நிற்கவில்லை. வருகைப்பதிவேட்டில் சாதிப் பத்தியே இருக்கக்கூடாது, ஆசிரியர் மாணவனை நேராகவோ சுற்றிவளைத்தோ சாதி சொல்லி அழைக்கக்கூடாது என்றும் சொன்னது. பிள்ளைகளின் மணிக்கட்டில் இருக்கிற கயிற்றை அறுக்கக் கத்தரிக்கோலோடு வாசலில் நிற்கிற ஆசிரியரின் செல்லில்தான் அந்த எக்செல் தாள் இருக்கிறது. மணிக்கட்டுக் கயிற்றை அவிழ்த்தாயிற்று. எக்செல்லில் இருக்கும் ஐந்தாவது பத்தியை யார் அவிழ்ப்பது?

"ஆவணங்களைக் கண்ட இடத்தில் கொடுக்காதே"

விடுதிக்கு ஆதார் நகல் ரெண்டு. பஸ் பாஸுக்கு ஒன்று. நூலக அட்டைக்கு ஒன்று. விளையாட்டு விழாவில் சாக்கு ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்க ஒன்று. கொடுத்த நகலெல்லாம் என்ன ஆகிறது என்று தெரிய வேண்டுமானால் ஏதேனும் ஒரு கல்லூரி அலுவலகத்தின் பின்பக்கம், படிக்கட்டுக்குக் கீழே, பழைய பேப்பர்க்காரருக்காகக் கட்டி வைத்திருக்கும் மூட்டையைப் பாருங்கள்.

2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஆதார் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பள்ளிச் சேர்க்கைக்கு ஆதார் கட்டாயமில்லை. சிபிஎஸ்இ, நீட், யூஜிசி போன்றவை அதைக் கட்டாயமாக்கச் சட்டத்தின் பின்பலம் இல்லை. அதற்கு ஓராண்டு முன்பே, 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். ஒன்பதும் ஐந்தும் பதினான்கு. இந்தப் பதினான்கையும் சேர்த்துக் கட்டினாலும் அட்மிஷன் கவுண்ட்டர் கிளார்க் ஒருவருக்கு ஈடாகாது. "அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா, ஜெராக்ஸ் எடுத்துட்டு வா" என்று அவர் சொல்லிவிட்டால் மேல்முறையீடு கிடையாது.

புதிதாக அபார் என்று ஒரு பன்னிரண்டு இலக்க எண் வந்திருக்கிறது. ஒரே நாடு, ஒரே மாணவர் அடையாளம். மழலை வகுப்பிலிருந்து பிள்ளை வாங்கிய மார்க்கெல்லாம் ஓரிடத்தில் சேருமாம். பெற்றோர் விரும்பினால் மட்டுமே என்று ஒன்றிய அரசு சொல்கிறது. ரொம்ப சரி. விரும்பாத பெற்றோருக்கு வகுப்பாசிரியை ஃபோன் செய்வார். அடுத்த வாரம் ஒருங்கிணைப்பாளர் செய்வார். அதற்கடுத்த வாரம், "உங்க பையன் ஒருத்தனாலதான் நம்ம ஸ்கூல் நூறு சதவீதம் காட்ட முடியல" என்று முதல்வரே பேசுவார். பதினேழாவது நாள் அந்த அப்பாவுக்குச் சுயமாக விருப்பம் பொத்துக்கொண்டு வரும்.

சேர்த்து வைத்ததைக் காப்பாற்றுகிற லட்சணத்தையும் பார்த்துவிட்டோம். 2018இல் நீட் எழுதிய பிள்ளைகளின் பெயரும் செல் நம்பரும் இணையத்தில் விலைக்குக் கிடைப்பதாகச் செய்தி வந்தது. தேர்வு எழுதிய பிள்ளைக்கு முடிவு வந்த கையோடு, ஊர் பேர் தெரியாத மருத்துவக் கல்லூரி ஏஜென்ட் எப்படி ஃபோன் செய்கிறான் என்று எத்தனை அம்மாக்கள் வியந்திருப்பார்கள்! கொரோனா காலத்தில் கோடிக்கணக்கான பிள்ளைகள் மேல் ஏற்றிய ஒன்றிய அரசின் திக்ஷா செயலி இன்னொன்று. பூட்டாத ஒரு சேமிப்பகத்தில் கிட்டத்தட்ட 6 லட்சம் மாணவர்கள், 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் விவரங்கள் ஓராண்டுக்கு மேல் திறந்து கிடந்தன என்பது 2023 ஜனவரியில் வெளிவந்தது. பத்து லட்சம் வாத்தியார்களின் நம்பரையே காப்பாற்றத் தெரியாதவர்கள், அந்த வாத்தியார்களைக் கொண்டு பிள்ளைகளுக்குத் தகவல் பாதுகாப்புப் பாடம் நடத்துகிறார்கள்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் வர இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது; 2025 நவம்பரில் வந்தன. முக்கியக் கடமைகள் அமலுக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பின்தொடர்ந்து வேவு பார்க்கக்கூடாது என்கிறது சட்டம். கல்வி வேலைக்காகவும் பிள்ளையின் பாதுகாப்புக்காகவும் கல்வி நிறுவனங்கள் பார்த்துக்கொள்ளலாம் என்கின்றன விதிகள். தகவலைக் காக்கத் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம். நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்ற பெயரில் அரசு தனக்கு வேண்டிய அமைப்பை அறிவிக்கை போட்டு விலக்கிக்கொள்ளலாம். பொய்ப் புகார் கொடுக்கிற குடிமகனுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம். வீட்டுக்காரருக்கு அபராதம் எவ்வளவு என்று எழுதி வைத்துவிட்டுக் காவல்காரருக்கு விடுப்பு கொடுத்திருக்கிறார்கள்.

"கணக்கைப் பூட்டி வை"

விழிப்புணர்வு அதிகாரி பூட்டச் சொல்கிறார். அடுத்த வாரம் பிளேஸ்மென்ட் அதிகாரி வந்து திறக்கச் சொல்கிறார். "லிங்க்ட்இன்ல தெரியலைன்னா நீ உலகத்துலயே இல்லை. உன்னை நீயே மார்க்கெட் பண்ணக் கத்துக்கோ." அரைநாள் பயிலரங்கில் போய் உட்கார்ந்ததற்குக் கிடைத்த காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, "அறிவிப்பதில் பேருவகை அடைகிறேன்" என்று ஐந்நூறு பிள்ளைகள் ஒரே வாசகத்தை ஒரே நாளில் பதிகிறார்கள். எல்லாருக்கும் தனித்துவம் வேண்டும் என்பது பயிலரங்கின் தலைப்பு.

அமெரிக்கா போகிற பிள்ளையின் கதி இன்னும் விசேஷம். 2019 முதல் விசா விண்ணப்பத்தில் முந்தைய ஐந்தாண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளின் பெயரெல்லாம் எழுத வேண்டும். 2025 ஜூனில் இந்தியாவிலுள்ள அமெரிக்கத் தூதரகம் அதற்கு மேல் ஒரு படி போனது. மாணவர் விசா கேட்கிறவர்கள் எல்லாரும் தங்கள் கணக்குகளைப் பொதுப்பார்வைக்குத் திறந்து வைக்க வேண்டும், உடனடியாக. பூட்டு போடச் சொல்லிக் கொடுத்த பிள்ளை, அண்ணா சாலை மேம்பாலத்தடியில் கோப்பைக் கட்டிக்கொண்டு விசா வரிசையில் நிற்கும்போது ஒவ்வொரு பூட்டாகக் கழற்றுகிறாள். பதினாறு வயதில் பகிர்ந்த மீம் ஒன்று எந்த ஆபீசருக்குச் சுருக்கென்று தைக்குமோ என்று, அப்பா நிலத்தை அடகு வைத்துக் கட்டிய பணத்தை நினைத்துக்கொண்டே அழிக்கிறாள். சுதந்திரத்துக்குச் சிலை வைத்த நாட்டுக்குப் படிக்கப் போகிறாள்.

உள்ளூரில் அழித்தாலும் விடுவதில்லை. 2025 மே மாதம் புனேயில் பொறியியல் படிக்கும் 19 வயதுப் பெண் இந்திய பாகிஸ்தான் மோதலைப் பற்றிய ஒரு பதிவைப் பகிர்ந்தாள். மிரட்டல் வந்ததும் இரண்டு மணி நேரத்தில் அழித்து மன்னிப்பும் கேட்டாள். கல்லூரி விளக்கம்கூடக் கேட்காமல் நீக்கியது. போலீஸ் கைது செய்தது. பரீட்சை எழுதச் சிறையிலிருந்து அவளை வெளியே கொண்டுவர பம்பாய் உயர் நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. "போடுவதற்கு முன் யோசி" என்று பிள்ளைக்குச் சொல்கிறோம். நீக்குவதற்கு முன், கைது செய்வதற்கு முன் யோசி என்று எந்தக் கையேட்டிலும் ஒரு வரி இல்லை.

பிள்ளைகளுக்கும் வெண்சாமரம் வீசுவதாக இல்லை. ஹால் டிக்கெட்டைப் பார்கோடோடு ஸ்டேட்டஸ் வைக்கிற மகானுபாவர்கள் இருக்கிறார்கள். "உன் பேங்க் அக்கவுண்டை மட்டும் கொடு மச்சி, மாசா மாசம் காசு வரும்" என்று சீனியர் கேட்டதும் பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மூன்றையும் தூக்கிக் கொடுத்துவிட்டு, எங்கோ ஒரு ஓய்வூதியக்காரரிடம் டிஜிட்டல் அரஸ்ட் என்று மிரட்டிப் பறித்த பணம் தன் கணக்கில் வந்து போனதற்காக வேறு மாநிலப் போலீஸ் ஜீப்பில் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். செய்தது குற்றம்தான். ஆனால் கேட்கிறவனிடம் கேட்டதைக் கொடு, ஏன் என்று கேட்காதே, கொடுத்தால்தான் வேலை நடக்கும் என்ற பாடத்தை அவன் எல்கேஜி விண்ணப்பத்திலிருந்து பதினைந்து வருடம் படித்திருக்கிறான். சீனியர் அதில் கடைசி அத்தியாயம் மட்டுமே.

"பாதிக்கப்பட்டால் தயங்காமல் புகார் கொடு"

இந்த உபதேசத்தைக் கேலி செய்யக் கை வரவில்லை.

2024 டிசம்பர் 23 இரவு, அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். மிரட்டலுக்குப் பணியாமல் காவல் நிலையத்துக்குப் போனாள். நம் சிறப்பு விருந்தினர்கள் எல்லாரும் ஸ்லைடில் போடுகிற அதே காரியத்தைச் செய்தாள். தயங்கவில்லை, புகார் கொடுத்தாள். சில நாட்களுக்குள் முதல் தகவல் அறிக்கை, அவள் பெயரும் முகவரியும் அடங்கிய அதே அறிக்கை, செல்லுக்குச் செல் பறந்துகொண்டிருந்தது.

கசிய விட்டவன் ஹேக்கர் இல்லை, பழைய காதலன் இல்லை, கண்காணாத தேசத்து மோசடிக்காரன் இல்லை. அது காவல்துறையின் சொந்த வலைத்தளத்தில் பார்க்கக் கிடைத்தது. பாலியல் குற்ற வழக்குகளின் முதல் தகவல் அறிக்கைக்கு, இணையத்தில் ஏற்றுவதிலிருந்து உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பரிலேயே விலக்கு அளித்திருந்தது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது இரண்டு வருடம் வரை சிறை தரும் குற்றம். பழைய சட்டத்திலும் குற்றம், புதிய சட்டத்திலும் குற்றம். என்ன நடந்தது என்று கேட்டபோது கிடைத்த விளக்கம்: இந்தியத் தண்டனைச் சட்டத்திலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவுக்கு மாற்றியபோது, தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டிய மென்பொருள் தொழில்நுட்பக் கோளாறால் பூட்டிக்கொள்ளவில்லை.

தொழில்நுட்பக் கோளாறு! ஒரு மாணவன் கூகுள் ஃபாரத்தில் ரெஜிஸ்டர் நம்பரை ஓரிலக்கம் மாற்றிப் போட்டுவிட்டு இந்தச் சொல்லைச் சொல்லிப் பார்க்கட்டும். ஹால் டிக்கெட் வராது. அரசு சொன்னால் அது விளக்கம், மாணவன் சொன்னால் அது சாக்கு.

சென்னை உயர் நீதிமன்றம் அந்த டிசம்பர் 28 அன்று மூன்று பெண் ஐபிஎஸ் அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. அறிக்கை வெளியானதற்கு இடைக்கால இழப்பீடாக அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. அறிக்கை எழுதப்பட்ட மொழியே பாதிக்கப்பட்டவளைப் பழிப்பதாக இருக்கிறது என்று காறி உமிழாத குறையாகக் கண்டித்தது. குற்றவாளிக்கு 2025 ஜூன் 2 அன்று, குறைந்தது 30 ஆண்டு தண்டனைக் குறைப்பில்லாத ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆனால் அந்தக் கோப்பை இறக்கி, தன் நண்பர் குழுவுக்கு அனுப்பி, "பாவம்யா" என்று ஒரு கண்ணீர்ப் பொம்மையும் ஒட்டிய ஆயிரக்கணக்கான பெரிய மனிதர்களின் செல்லில் அது இன்னும் இருக்கும். அவர்களில் பலர் அப்பாக்கள். தங்கள் மகளிடம் ஃபோனை வாங்கி, யாரோடு பேசுகிறாய் என்று சோதிக்கிறவர்கள்.

இந்த ஒரு வழக்குக்குப் பிறகாவது "தயங்காமல் புகார் கொடு" என்ற வாசகத்தைச் சொல்லும் முன் அந்த மேடையில் இருக்கிறவர்கள் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும். தயங்குவதற்கு அவளுக்குக் காரணம் கொடுத்தவர்கள் யார்?

ஆகவே, மாணவர்களுக்கு டிஜிட்டல் கல்வி வேண்டாமென்றா சொல்கிறேன்? வேண்டும். அதற்கு நாற்பது ஸ்லைடு தேவையில்லை, நான்கு கேள்வி போதும். எதற்குக் கேட்கிறீர்கள்? யாரெல்லாம் பார்ப்பார்கள்? எங்கே வைப்பீர்கள்? எப்போது அழிப்பீர்கள்? எந்தக் கவுண்ட்டரிலும், எந்த ஃபாரத்தின் முன்னும், எந்த க்யூஆர் கோடுக்கு எதிரிலும் இந்த நான்கையும் கேட்கப் பழகிய பிள்ளையை எந்தச் சீனியரும் எந்த மோசடிக்காரனும் ஏமாற்ற முடியாது.

அப்படி ஒரு பிள்ளை நாளைக்கே எழுந்து நின்று கேட்டால் கல்லூரி அவளை எப்படி அழைக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அதிகப்பிரசங்கி. இன்டர்னல் மார்க்கில் கை வைப்பார்கள், அப்பாவை வரச் சொல்வார்கள், "இவ்வளவு சட்டம் பேசறவ லா காலேஜ்ல சேர்ந்திருக்கலாமே" என்பார்கள். அந்த அதிகப்பிரசங்கியை உருவாக்கத் துப்பு இருந்தால் மேலே பேசுங்கள். இல்லையென்றால் அந்த நான்கு கேள்விக்கும் எழுத்தில் பதில் சொல்லுங்கள், பிரின்சிபால் கையெழுத்தோடு, அலுவலக முத்திரையோடு. ரெண்டு செட் ஜெராக்ஸ் வேண்டும்.